முதல் ஸ்டேஜை ரேண்டம்ல விடாதீங்க

காரைக்குடியில நடந்த 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்' சண்டை வீடியோ கேம் போட்டியோட ஃபைனல்ல நடந்ததை எல்லாரும் பார்த்தீங்க. ஸ்டேஜை, அதாவது சண்டை போடுற களத்தை, கேமே எடுக்கட்டும்னு ரேண்டம் பட்டனை அமுக்கினாங்க, ஃபைனல் டெஸ்டினேஷன்ங்கிற ஸ்டேஜ் விழுந்துச்சு. தூரத்திலிருந்து சுடுற கேரக்டர் சாமுஸ், எதிரே குரங்கு டாங்கி காங். நின்னு ஒதுங்க ஒரு மேடை கிடையாது, அவ்வளவு பெரிய உடம்பு தூரத்திலிருந்தே அடி வாங்குது. இதுக்குப் பேரு போட்டியா?

"ரேண்டம்னா ரெண்டு பேருக்கும் ஒரே அதிர்ஷ்டம்தானே?" அமுக்குற வரைக்கும்தான் ஒண்ணு. விழுந்த பிறகு ஒருத்தன் மட்டும்தான் சுமக்கணும். மூணு கேம் செட்ல (ரெண்டு ஜெயிச்சா போதும்) ரெண்டாவது கேமுக்கான ஸ்டேஜை முதல் கேம் தோத்தவன் எடுப்பான். அதுல அவன் ஜெயிச்சா, மூணாவதை எடுக்கிறது முதல் கேம் ஜெயிச்சவன். முதல் கேமைத் தூக்கிக் கொடுத்தா தீர்மானிக்கிற கேமையும் சேர்த்தே கொடுக்குறீங்க.

வழி ரொம்ப நாளா இருக்கு. அல்டிமேட்டுக்கு அஞ்சு ஸ்டேஜ் வைங்க: பேட்டில்ஃபீல்ட், ஸ்மால் பேட்டில்ஃபீல்ட், ஃபைனல் டெஸ்டினேஷன், ஸ்மாஷ்வில், போகிமான் ஸ்டேடியம் 2. ஹசார்ட்ஸை, அதாவது ஸ்டேஜே இடைஞ்சல் பண்ற செட்டிங்கை, ஆஃப் பண்ணிடுங்க, இல்லைன்னா ஸ்டேடியம் ஆட்டத்து நடுவுல உருமாறும். கேரக்டரை முதல்ல முடிவு பண்ணிட்டு, கல்-காகிதம்-கத்தரி போட்டு ஜெயிச்சவன் ஒண்ணை நீக்கணும், அடுத்தவன் ரெண்டை, மறுபடி முதலாமவன் ஒண்ணை. மிச்சம் நிக்கிறதுல ஆடுங்க. ஒருத்தனுக்குப் பிடிச்ச வரிசை அடுத்தவனுக்கு நேர் தலைகீழா இருந்தாலும் நடுவுல உள்ளதுதான் நிக்கும். நம்ம பக்கம் பங்கு பிரிக்கிறவன் கடைசியா எடுக்கிற மாதிரி, யாரும் மொத்தமா அள்ள முடியாது.

எண்ணிக்கை ஒற்றைப்படையா இருக்கணும். நாலு வச்சா மூணுதான் நீக்கணும், ஒருத்தனுக்கு ரெண்டு, இன்னொருத்தனுக்கு ஒண்ணுன்னு ஆயிடும். பட்டியலே ஒரு பக்கம் சாஞ்சிருந்தாலும் வீண். அஞ்சுல மூணு ஒருத்தனுக்கே சாதகம்னா, ரெண்டு நீக்கி அடுத்தவன் என்ன பண்ணுவான்?

"நேரமாகும்"னு சொல்றவங்களுக்கு: ஒரு நிமிஷம்கூட ஆகாது. "புதுப் பசங்களுக்கு ஸ்டேஜ் பேரு தெரியாது"ன்னா நியாயம், அஞ்சு படத்தையும் பிரின்ட் எடுத்து டிவி பக்கத்துல ஒட்டுங்க. "நல்லா ஆடுறவன் எந்த ஸ்டேஜ்லயும் ஜெயிப்பான்"னு கமென்ட் போட்டவங்க மேல எனக்குக் கோபம்தான். தோத்த பையனோட மூஞ்சியைப் பார்த்துட்டா அதைச் சொன்னீங்க?

தேவகோட்டை, பள்ளத்தூர்னு பஸ் ஏறி, கட்டணம் கட்டி வர்ற பசங்க அவங்க. பயிற்சி எடுத்து வந்தவனை ஒரு பட்டன் தோற்கடிக்கிறது வலிக்குது. அடுத்த போட்டிக்கு ஸ்டேஜ் பட்டியலையும் நீக்குற முறையையும் பதிவு தொடங்குறதுக்கு முன்னாடியே போடுங்க. போடலைன்னா எங்க குரூப்ல யாரும் பணம் கட்ட மாட்டோம்.