பாடமாக்கினால் குடியுரிமைக் கல்வி, கேட்டால் வாய்க்கொழுப்பா?

அந்த வீடியோவைப் பற்றி எழுதாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். கீழே வந்த கமெண்டுகளை வாசித்த பிறகு முடியவில்லை. மாணவர் பாராளுமன்றத்தில் ஒரு பிள்ளை எழும்பி, மாகாண சபைக்கு ஏன் இன்னும் தேர்தல் வைக்கவில்லை என்று கேட்கிறாள். மைக்கை வாங்கிவிட்டு, "படிக்கிற வயசில அரசியல் எதுக்கு பிள்ளை?" என்கிறார் ஒரு பெரியவர். மண்டபமே சிரிக்கிறது. அவள் கையில் நாலாக மடித்த கொப்பித் தாள். உட்காரச் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் நிற்கிறாள்.

அவள் கேட்டதில் என்ன பிழை? 2012 இல் கிழக்கு மாகாண சபைக்கு வாக்குப் போட்டோம். 2017 செப்டெம்பரில் அதன் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே இல்லை, ஆளுநர்தான் எல்லாம். சபை இருப்பது நம்ம திருகோணமலையில். மாகாண சபை என்றால் என்னவென்று குடியுரிமைக் கல்விப் புத்தகத்தில் இருப்பதைப் பாடமாக்கி எழுதினால் ஏ கிடைக்கும். அது எங்கே போனது என்று கேட்டால் வாய்க்கொழுப்பு. நல்லா இருக்குது உங்கட நியாயம்.

பதினெட்டு வயதில் வாக்குரிமை வரும். அரசியல் புத்தியும் அன்றைக்குக் காலையில் தபாலில் வருமா? நான் யார், இந்த ஊரில் எனக்கு என்ன பங்கு என்பதெல்லாம் இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் ஒரு பிள்ளைக்குப் பிடிபடும்.

"பள்ளிக்கூடத்துக்குள் கட்சி வந்துவிடும்" என்கிறார்கள். சரி, வரக் கூடாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பிரதம விருந்தினராக வந்து மாலை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் எல்லாம் யார், உடற்கல்வி ஆசிரியர்களா?

"மூவினமும் இருக்கிற ஊர், பிரச்சினை வரும்" என்று இன்னொருவர். சபை இல்லாதது தமிழருக்கு மட்டுமா? முஸ்லிம் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் இதே கேள்வியைக் கேட்கலாமே. ஆசிரியர் முன்னால் கதைக்க விடாவிட்டால் டிக்டாக்கில் படித்துக்கொள்வார்கள். அங்கே என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள்.

"டொக்டராக வேண்டிய பிள்ளை" என்று எழுதியவருக்கு ஒன்றுதான். டொக்டரான பிறகு இடமாற்றத்துக்கு யார் வீட்டு வாசலில் போய் நிற்பீர்கள்?

எங்கள் காலத்தில் இந்தக் குடியுரிமைக் கல்விக்குப் பதிலாக இருந்தது சமூகக் கல்வி. நடமாடும் சுதந்திரம் என்று கொப்பியில் எழுதிவிட்டு வெளியே வந்தால், சென்றியில், அதுதான் சோதனைச் சாவடியில், பையைத் திறந்து அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். 2006 ஜனவரி 2 இல் நம்ம கடற்கரையில் ஐந்து மாணவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். பள்ளிக்கூடம் திறந்த பிறகும் எங்கள் வகுப்பில் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன், பயம். 2019 இல் அந்த வழக்கில் சந்தேக நபர்கள் விடுதலையானபோதும் ஊரில் பெரிதாகச் சத்தமில்லை. வாயை மூடிப் பழகியே வளர்ந்துவிட்டோம். அதைத்தான் இப்போது ஒழுக்கம் என்று பிள்ளைகளுக்கும் பழக்குகிறோம்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், இருக்கட்டும்.

வீடியோவைப் பார்த்துவிட்டு என் மகள் கேட்டாள்: "அப்பா, நானும் கேட்டா ஏசுவாங்களா?" ஏசுவாங்க, கேள் என்று சொன்னேன். மகளை அரசியலில் இறக்குகிறான் என்று எழுதப் போகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். பிளாக் பண்ண மாட்டேன்.