இடிக்கிற தொட்டிக்குள் ஆள் எதற்கு இறங்க வேண்டும்?

வேலூரில் ஆஸ்பத்திரியைச் சுற்றி இருக்கிற தெருக்களில் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக லாட்ஜாக மாறிக்கொண்டிருக்கின்றன. வீடு இடிவதில் எனக்கு வருத்தமெல்லாம் இல்லை. இடமில்லாத ஊர், இடித்துத்தான் கட்டியாக வேண்டும். ஆனால் சுவர் இடிக்கும்போது பச்சை வலை, ஹெல்மெட் என்று பேச்சுக்காவது பேசுகிறவர்கள், தரைக்கு அடியில் இருக்கிற செப்டிக் டேங்க், சம்ப், மூடிப்போன கிணறு பற்றி வாயே திறப்பதில்லை.

இதற்குக் காரணம் அலட்சியம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை, கணக்கும்தான். இடிப்பு வேலை எப்படிப் பேசி முடிக்கப்படுகிறது என்று பாருங்கள். தேக்குக் கதவு, ஜன்னல், உத்திரம், இரும்புக் கம்பி, செங்கல் எல்லாவற்றுக்கும் ஒரு விலை போட்டுக் கூலியில் கழிப்பார்கள். நல்ல மரம் இருக்கிற வீடென்றால் இடிப்பவரே நமக்குப் பணம் தருவார். தொட்டியில் எடுத்து விற்க என்ன இருக்கிறது? அதனால் அது பேச்சில் வருவதே இல்லை. எல்லாம் தரைமட்டமான பிறகு, அடியில் தங்கிய கசடையும் பழைய மோட்டாரையும் எடுக்க யாராவது இரண்டு பேரை இறங்கச் சொல்வார்கள். அந்த இரண்டு பேர் பெரும்பாலும் அன்றைக்குக் கூலிக்கு வந்தவர்களாக இருப்பார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு மேஸ்திரியிடம் இதைக் கேட்டேன். "அஞ்சாறு வருஷமா காஞ்சி கெடக்குது சார், உள்ள இன்னா கீது?" என்றார். நல்ல மனுஷன், வேலை தெரிந்தவர். அவர் நம்புவதைத்தான் பாதி ஊர் நம்புகிறது.

காய்ந்தது போலத் தெரிவது மேல்தோல்தான். அடியில் கசடு ஈரமாகவே இருக்கும். கடப்பாரையோ மண்வெட்டியோ பட்டதும் உள்ளே அடைபட்டிருந்த ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். இது காற்றைவிடக் கனமானது, குழியிலேயே படுத்துக் கிடக்கும். குறைந்த அளவில் கூமுட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சத்தில் 100 பங்கைத் தாண்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. உள்ளே இருப்பவர் வாடை போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார். 500, 700 என்று ஏறினால் ஆள் சுருண்டு விழுவார். 1000 அளவில் ஓரிரு மூச்சே போதும்.

வாடையே இல்லாத சாவும் உண்டு. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே போனாலே ஆபத்து என்று கணக்கு, 6 சதவீதத்தில் சில நிமிடம்கூடத் தாங்காது. மூடிக் கிடக்கும் இரும்புத் தொட்டியில் துருவே ஆக்சிஜனைத் தின்றுவிடும். புதிதாகக் கட்டிய தொட்டியில் கான்கிரீட்டைத் தாங்க அடித்த செண்ட்ரிங் பலகையைப் பிரிக்க இறங்கிச் செத்தவர்கள் கதையும் பெரும்பாலும் இதுதான். ஈரப் பலகை அழுகும்போது உள்ளே இருந்த ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. தண்ணீர் இறைக்க டீசல் பம்ப்பைக் குழிக்குள்ளேயே இறக்கி வைத்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

விளக்கு இறக்கிப் பார்க்கும் பழக்கம் கிராமத்துக் கிணறுகளில் இன்னமும் இருக்கிறது. ஆக்சிஜன் நன்றாகக் குறைந்திருந்தால் விளக்கு அணையும், சரி. விஷவாயு இருப்பதை விளக்கு சொல்லாது. மீத்தேன் இருந்தால் விளக்கே வெடிக்கு நெருப்பு வைத்துவிடும். இன்னொரு கூத்து, கேஸ் கட்டிங் சிலிண்டரிலிருந்து உள்ளே ஆக்சிஜன் திறந்துவிடுவது. அளவு ஏறிய ஆக்சிஜனில் ஒரு பொறி பட்டால் கட்டியிருக்கும் லுங்கியே பந்தமாகிவிடும்.

வடாற்காட்டுக்காரர்களுக்கு இதில் தனிக் கவலை வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எங்கும் மூடிப்போன டேனரிகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள், பிளாட்டாகவும் குடோனாகவும் மாறுகின்றன. தோலில் முடி நீக்க சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுவார்கள். அந்தத் தொட்டியின் கழிவும் அமிலம் சேர்ந்த கழிவும் ஒன்றாகக் கலந்தால் அதே ஹைட்ரஜன் சல்பைடுதான். இடிக்கும்போது எந்தச் சுவர் உடைந்து எது எதோடு கலக்கும் என்று யாருக்குத் தெரியும்? 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கசடில் மூழ்கி இறந்தார்கள். அது இடிப்பு வேலை இல்லைதான். ஆனால் தேங்கிய கழிவு என்ன செய்யும் என்று இந்தப் பக்கத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒருவர் விழுந்ததும் இன்னொருவர் குதிக்கிறார். அண்ணன், மச்சான், ஒரே ஊர்க்காரன், எப்படிக் குதிக்காமல் இருப்பது? இப்படிப்பட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-லேயே எழுதியது. கைக்குட்டையோ தூசி மாஸ்க்கோ இல்லாத ஆக்சிஜனைத் தராது. மேலே நின்று கயிற்றால் இழுக்க முடியாவிட்டால், மூச்சுக்கருவியோடு வரும் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுவதுதான் வழி. அந்த நேரத்தில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள் என்பதும் தெரியும். அதனால்தான் முன்னாலேயே சொல்கிறேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பில்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்கிச் சுத்தம் செய்தால் முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆள் இறந்தால் 30 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. "நாங்க சுத்தம் பண்ணல, இடிச்சோம்" என்று நழுவுவதற்குத்தான் இடிப்பு வேலை வசதியாக இருக்கிறது. 1996-ம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டத்திலும், 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இடிப்பு வேலை அடக்கம். ஆனால் இரண்டுமே குறைந்தது 10 பேர் வேலை செய்யும் இடத்துக்குத்தான் என்பதால், நான்கு பேர் சேர்ந்து இடிக்கும் தெருமுனை வீடு அதற்குள் வராது.

தொட்டியைச் சுத்தம் செய்யவோ பழுது பார்க்கவோ இறங்கினார்கள் என்றால் ஒரு காரணமாவது இருக்கிறது. இடிக்கப் போகிற தொட்டிக்குள் எதற்கு இறங்க வேண்டும்? கழிவுநீர் லாரி வைத்து மேலிருந்தே உறிஞ்சலாம். மிச்சக் கசடைத் தண்ணீர் அடித்துக் கலக்கி மறுபடி உறிஞ்சலாம். மேல்மூடியை ஜேசிபி தள்ளி நின்று உடைத்துத் திறக்கட்டும், பக்கெட்டே அள்ளட்டும், பிறகு மண் போட்டு மூடட்டும். ஆகும் செலவு ஒரு கதவின் விலைகூட இருக்காது.

வீட்டை இடிக்கக் கொடுப்பவர்கள் விலை பேசும்போதே தொட்டி எங்கே இருக்கிறது என்று காட்டிவிடுங்கள். லாரிச் செலவு யாருடையது, உள்ளே ஆள் இறங்கக் கூடாது என்று இரண்டு வரி சேர்த்து எழுதி வாங்குங்கள். மோட்டார் போனால் போகட்டும். பிளான் அப்ரூவலுக்கு வருகிறவர்களிடம் பழைய தொட்டியை என்ன செய்தீர்கள் என்று மாநகராட்சி ஒரு கேள்வி கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.