எஸ்.டபிள்யூ.ஆர் கம்மியா இருந்தா ஆன்டெனா நல்லா இருக்குன்னு அர்த்தமா?

எஸ்.டபிள்யூ.ஆர்ங்கிறது ரேடியோல இருந்து கேபிள் வழியா ஆன்டெனாவுக்கு அனுப்புற சிக்னல்ல எவ்வளவு திரும்பி வருதுன்னு காட்டுற நம்பர், ஒண்ணுமே திரும்பலன்னா 1. அதை அளக்குற கையடக்க அனலைசரை ரூம்ல கேபிள் முனையில வச்சுப் பார்க்கும்போது எஸ்.டபிள்யூ.ஆர் 1.5க்கு கீழ வந்தா ஆன்டெனா சரியா இருக்குன்னு இந்தத் த்ரெட்ல மேல ஒருத்தர் சொல்லியிருக்கார், நாலஞ்சு பேர் அதையே திருப்பிச் சொல்லியிருக்கீங்க. மன்னிக்கணும், அது அப்படி இல்லைங்க. திரும்பி வர்ற சிக்னல் எவ்வளவு கம்மின்னு மட்டும்தான் அந்த நம்பர் சொல்லும், மீதி காத்துல போச்சா இல்ல கேபிள்லயே சூடாகிப் போச்சான்னு அதுக்குத் தெரியாது. 50 ஓம் டம்மி லோடை (சிக்னல் முழுசையும் சூடாக்கித் தின்னுடுற ரெசிஸ்டர்) மாட்டிப் பாருங்க, 1.0 காட்டும், ஆனா அது எதையும் வெளிய அனுப்பாது.

இன்னொண்ணு நீங்களே செஞ்சு பார்க்கலாம். ஆன்டெனாவைக் கழட்டிட்டு கேபிளோட மேல் முனையை சும்மா திறந்து விட்டுட்டு கீழ அளந்து பாருங்க, போற சிக்னல் அப்படியே திரும்பி வரும், அதனால நல்ல கேபிள்னா நம்பர் ரொம்ப எகிறணும். 30 மீட்டர் ஆர்ஜி-58ல (மெல்லிசான கோஆக்ஸ் கேபிள்) 145 மெகாஹெர்ட்ஸ்ல பார்த்தா, மேல ஒண்ணுமே இல்லாமலே 2க்கு கீழதான் காட்டும், ஏன்னா போறப்ப சுமார் 6 டெசிபெல், வர்றப்ப 6 டெசிபெல் போயிடுது. 6 டெசிபெல் போச்சுன்னா கால்வாசிதான் மிஞ்சும், அதாவது 50 வாட் விட்டா மேல 12, 13 வாட்தான் போய்ச் சேரும்.

எனக்கும் இப்படித்தான் ஆச்சு, ரெண்டு மழைக்கப்புறம் ரீடிங் முன்னைவிட அழகா வந்துச்சு, சந்தோஷப்பட்டேன், ஆனா ரிப்பீட்டர் (நம்ம சிக்னலை வாங்கித் திருப்பி ஒலிபரப்புற நிலையம்) சரியா கிடைக்கல. மாடில கேபிள் முனையில இருக்குற பிஎல் கனெக்டரைக் கழட்டினா உள்ள தண்ணி, கேபிளோட செம்பு வலை கறுத்துப் போய் கிடந்துச்சு, கேபிளே சிக்னலைத் தின்னதாலதான் ரீடிங் அழகா வந்திருக்கு. முடிஞ்சா அனலைசரை மேல எடுத்துட்டுப் போய் ஆன்டெனா அடியிலயே சின்னத் துண்டு கேபிள்ல மாட்டி அளங்க, அப்புறம் கீழ வந்து அளங்க, ரெண்டு நம்பரையும் இங்க போடுங்க பார்க்கலாம்.