நொய்யலுக்கு வேதியியல் மட்டும் போதாது

சுற்றுச்சூழல் படிப்பை அறிவியல் துறைகளிடமே விட்டுவிடலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. நொய்யல் ஆற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கலந்த திருப்பூர் சாயக்கழிவில் என்ன உப்பு, எவ்வளவு என்று வேதியியல் மாணவர் சொல்லிவிடுவார். சரி, அப்புறம்? பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாகிப் போனதே, அந்த விவசாயிகளின் இழப்பைக் கணக்கிடப் பொருளாதாரம் வேண்டும். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதைப் புரிந்துகொள்ளச் சட்டம் வேண்டும். வேலையிழந்த தொழிலாளர்களை எந்தத் துறை கவனிக்கும்? கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரிக்க ஆகும் செலவை யார் தலையில் கட்டுவது என்பதும் பொறியியல் கேள்வி மட்டுமல்ல. உச்ச நீதிமன்றம் 1991-இல் பிறப்பித்த உத்தரவால் எல்லா இளநிலை மாணவர்களுக்கும் வந்த சுற்றுச்சூழல் தாளிலேயே இதையெல்லாம் சேர்க்கலாம். இப்போது அதைப் பலர் தேர்வுக்கு முந்தைய இரவில்தான் புரட்டுகிறார்கள்.