அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது?

வம்பு வேண்டாம் என்றுதான் இரண்டு நாளாகச் சும்மா இருந்தேன். அந்த ரீலை நான் ஷேர் செய்யவில்லை, போட்டவர் பெயரையும் சொல்லப் போவதில்லை. ஆனால் "தல, உங்க படமாச்சே" என்று பதினோரு பேர் இன்பாக்ஸில் அதையே கொண்டுவந்து கொட்டியிருக்கிறீர்கள். கீழே நான் போட்ட ஒற்றை வரி கமெண்டுக்கு விழுந்த சிரிப்பு எமோஜி 43. ஆமாம், எண்ணினேன்.

"13 அசாசின்ஸ். முதல் ஒரு மணி நேரம் செம லேக், ஸ்கிப் பண்ணிடுங்க. அப்புறம் வெறித்தனம்!"

இதுதான் கேப்ஷன். ஜப்பானிய சாமுராய் படம் அது, ஒரு கொடூரப் பிரபுவைக் கொல்லக் கிளம்பும் பதின்மூன்று பேரின் கதை. சரி, ரீல் எங்கே ஆரம்பிக்கிறது? அந்தப் பதின்மூவரின் தலைவர் ஷின்சாயமோன் உயரத்தில் நின்றுகொண்டு ஒரு காகிதத்தை விரித்துக் காட்டுகிறார். கீழே பொறியில் மாட்டிய கூட்டம் அண்ணாந்து பார்க்கிறது. பின்னால் நம்மூர் மாஸ் பிஜிஎம் வேறு. உடனே அம்பு, வாள், ரத்தம்.

நான் கேட்டது ஒரே கேள்விதான். அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது? கேட்டதற்குத்தான் 43 சிரிப்பு, இரண்டு "பூமர் அங்கிள்".

பதில் அந்த "லேக்" ஒரு மணி நேரத்துக்குள் இருக்கிறது. நாட்டை ஆண்ட ஷோகனின் தம்பி முறையான நரிட்சுகு பிரபு, அவர்கள் கொல்லப்போகிறவன், விவசாயிகள் கிளர்ச்சியை நடத்தியவனின் மகளை என்ன செய்து வைத்திருக்கிறான் என்று ஷின்சாயமோனுக்குக் காட்டுகிறார்கள். கை கால் இல்லை, நாக்கு இல்லை. உன் குடும்பம் என்ன ஆனது என்று கேட்டதும் அந்தப் பெண் தூரிகையை வாயில் கவ்வித் தரையில் கிடக்கும் தாளில் எழுதுகிறாள். மினாகோரோஷி. ஒருவர் விடாமல் கொலை. அங்கே அது அவள் சொல்லும் பதில். போர் தொடங்கும்போது அதே தாளை விரிக்கிறார்களே, அங்கே அது கட்டளை. ஒரே சொல், ஒரே தாள். நடுவில் இருப்பது நீங்கள் ஸ்கிப் செய்யச் சொன்ன படம்.

"ஸ்பாய்லர் சொல்லிட்டீங்களே" என்று யாராவது வருவீர்கள். 2010 படம் சாமி. அதுவும் 1963-ல் எய்ச்சி குடோ எடுத்த கருப்பு வெள்ளைப் படத்தின் ரீமேக். கிளைமாக்ஸை ரீலாக வெட்டிப் போட்டவரிடம் ஸ்பாய்லர் கேட்காதவர்கள் என்னிடமும் கேட்க வேண்டாம்.

முதல் ஒரு மணி நேரத்தில் ஒன்றுமே நடக்கவில்லையாம். படம் தொடங்குவதே வயிற்றைக் கிழித்துக்கொள்ளும் ஒருவரில்தான். இயக்குநர் தகாஷி மீகே, "ஆடிஷன்" எடுத்த ஆள், ரத்தத்துக்குக் கூச்சப்படுகிற ஆளே கிடையாது, அங்கே முகத்தையும் சத்தத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கதை நடப்பது 1844-ல். இருநூறு வருஷமாகப் பெரிய போரே இல்லாத தேசம். இடுப்பில் வாள் இருக்கிறது, வாழ்க்கையில் ஒருத்தனைக்கூட வெட்டியதில்லை. அப்படிப்பட்டவர்களை ஒவ்வொருவராகச் சேர்க்கிறார்கள். இந்த வேலை வந்ததும் ஷின்சாயமோன் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், கோஜி யகுஷோ அதில் பயத்தையும் சந்தோஷத்தையும் பிரிக்க முடியாமல் செய்திருப்பார். இதைப் பார்க்காதவனுக்குக் கடைசியில் பதின்மூவரில் ஒருவனான ஹிராயாமா வாளெல்லாம் தீர்ந்துபோய்க் கல்லைப் பொறுக்குவது வெறும் "மாஸ் சீன்". பார்த்தவனுக்கு வயிறு கலங்கும்.

2012-ல் திருவல்லிக்கேணி மேன்ஷனில் மூன்று பேர், ஒரு லேப்டாப். டிவிடி பர்மா பஜாரில் வாங்கியது, சப்டைட்டில் இரண்டு செகண்ட் பிந்தி வரும். எங்களில் உசிலம்பட்டிக்காரன் ஒருத்தன் இருபதாவது நிமிஷமே குறட்டை. தீ வைத்த மாடுகளை ஊருக்குள் விரட்டுவார்களே, அந்தச் சத்தத்தில்தான் எழுந்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு, "என்ன மாப்ள, ஜல்லிக்கட்டா?" என்றான். அப்புறம் விசிலடித்துக்கொண்டு முழுச் சண்டையையும் பார்த்தான். காலையில் பல் தேய்க்கும்போது கேட்கிறான், "ஆமா, அந்தப் பேப்பர்ல என்னடா எழுதியிருந்துச்சு?" அன்று ராத்திரி தனியாக உட்கார்ந்து முதலிலிருந்து பார்த்தான். முடிந்ததும் எங்களை எழுப்பவில்லை, மொட்டை மாடிக்குப் போய்விட்டான். தூங்கினவனுக்கே கேட்கத் தோன்றியது. அவ்வளவுதான் சொல்கிறேன்.

"எல்லாருக்கும் உங்களை மாதிரி டைம் இருக்கா பாஸ்?" எனக்கும் இல்லை. இஎம்ஐ கட்டுகிறேன், ரெண்டு பஸ் மாறி ஆபீஸ் போகிறேன். டைம் இல்லையென்றால் பார்க்காதீர்கள், யாரும் சம்மன் அனுப்பவில்லை. பாதியைப் பார்த்துவிட்டு மீதி குப்பை என்று தீர்ப்பு எழுதாதீர்கள் என்கிறேன்.

"ரீல் பார்த்துட்டாவது நாலு பேர் படத்துக்கு வருவாங்கல்ல?" வரட்டும். ஸ்கிப் செய்யச் சொல்லியே கூப்பிட்டால் எப்படி வருவார்கள்?

"வெளிநாட்டு விமர்சனங்கள்லயே முதல் பாதி மெதுவா போகுதுன்னு எழுதியிருக்காங்க." எழுதியிருக்கிறார்கள்தான். மெதுவாகப் போகிறது என்பது வேறு, தேவையில்லை என்பது வேறு. 2010-ல் வெனிஸில் போட்டிப் பிரிவில் ஓடிய படம் இது. அங்கே கடைசி முக்கால் மணி நேரத்தை மட்டுமா போட்டுக் காட்டினார்கள்?

இன்னொன்றும் வரும், அதை நானே சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் படம் 141 நிமிடம். வெளிநாடுகளுக்கு வந்தது கால் மணி நேரம் குறைத்த பிரதி. பர்மா பஜாரில் நான் வாங்கியது அந்தக் குறைத்ததுதான். வருஷக்கணக்காக அதை வைத்துக்கொண்டுதான் எல்லாரிடமும் சண்டை போட்டிருக்கிறேன். "அப்போ நீயும் வெட்டினதைத்தானே கொண்டாடின?" ஆமாம். ஆனால் அது... அது வேறு. எடிட்டிங் மேஜையில் உட்கார்ந்து வெட்டுவதும் கட்டைவிரலால் தள்ளுவதும் ஒன்றா? ஒன்றில்லை. இதற்குமேல் இதில் எனக்குப் பேச விருப்பமில்லை.

கோபம் உண்மையில் படத்தைப் பற்றி மட்டும்தானா என்று எனக்கே சந்தேகம் வருகிறது. எங்கப்பா கண்டக்டர். ஒரு சில்லறைத் தகராறைச் சொல்வதென்றாலும் அன்று வெயில் எப்படி இருந்தது, அருப்புக்கோட்டை ஸ்டாண்டில் யார் ஏறினார்கள், டிரைவர் என்ன பாட்டு போட்டார், எல்லாம் வந்த பிறகுதான் தகராறு வரும். போன மாசம் போனில், "காலைல தயிர் வாங்கப் போனேன்னு வையி" என்று ஆரம்பித்தார். மீட்டிங் இருந்தது. "அப்பா, சட்டுனு விஷயத்துக்கு வாங்க" என்றேன். "ஒண்ணுமில்லப்பா, வச்சிர்றேன்" என்று வைத்துவிட்டார். நாலு நாள் கழித்து ஞாபகம் வந்து, என்னப்பா அந்தத் தயிர் கதை என்று கேட்டேன். "எந்தத் தயிரு?" என்றார்.

அதை விடுங்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நரிட்சுகுவாக நடித்தவர் கோரோ இனகாகி. ஸ்மாப் பாட்டுக்குழுவில் பாடியவர், ஊருக்கே செல்லப்பிள்ளை. அந்த அழகான முகத்தை வைத்துக்கொண்டு, தனக்காக உயிரைவிட்ட ஹன்பேயின் தலையைக் காலால் எத்துவான். அந்த ஹன்பே முதல் ஒரு மணி நேரத்தில் ஷின்சாயமோன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போன பழைய தோழன். ரீலில் இந்த எத்தும் இருக்கிறது, ஸ்லோ மோஷனில், மேலே ஒரு தீப்பிழம்பு ஸ்டிக்கரோடு. அதைப் பார்த்த இடத்தில்தான் போனைக் கீழே வைத்தேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ரீல் போட்ட தம்பியிடமிருந்து மெசேஜ் வந்திருக்கிறது. மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார். "அண்ணே, அந்தப் பேப்பர் சீன் எத்தனாவது நிமிஷத்துல வருது?"

தெரியும். சொல்ல மாட்டேன்.