வீட்டை 24 மாதம் ஆகாமல் விற்றால் 12.5 சதவீதம் என்ற சலுகை வரி கிடையாது

"பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் வீட்டை 80 லட்சத்துக்கு வாங்கி ஒன்றரை வருஷத்தில் 92க்கு விற்றால் 12 லட்சம் லாபம், வரி வெறும் 12.5 சதவீதம், வாடகைக்கு விடுறவன் ஏமாளி" என்று எழுதியிருக்கீங்க சார். கணக்கு தப்பு.

அந்த 12.5 சதவீதம் வீட்டை 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால்தான். அதற்கு முன்னால் விற்றால் லாபம் சம்பளத்தோடு சேர்ந்துவிடும், 30 சதவீத ஸ்லாபில் இருப்பவர் செஸ் சேர்த்து 31.2 கட்டணும்.

பத்திரச் செலவை ஏன் சொல்லவே இல்லை? கர்நாடகாவில் முத்திரைத்தீர்வை செஸ், சர்சார்ஜோடு 5.6 சதவீதம், பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் கடைசியிலிருந்து 1 சதவீதத்திலிருந்து 2 ஆகிவிட்டது, ஆக 80 லட்சத்துக்கு 6.08 லட்சம் அங்கேயே போச்சு. விற்கும்போது புரோக்கருக்கு 1 சதவீதம், 92 ஆயிரம். மிச்சம் 5 லட்சம், அதில் வரி 1.56 லட்சம் போனால் கையில் 3.44 லட்சம். லோன் போட்டிருந்தால் ஒன்றரை வருஷ வட்டியே இதைத் தின்றுவிடும்! பழைய வரி முறையில் லோன் அசலுக்கு 80சி பிரிவில் வரிக் கழிவு எடுத்திருந்தால், ஐந்து வருஷத்துக்குள் விற்றதும் அந்தத் தொகையும் வருமானத்தில் சேர்ந்து வரி விழும்.

வாடகை பெரிய வருமானம் என்று நானும் சொல்லவில்லை, மெயின்டனன்ஸ், காலி மாதம் எல்லாம் இருக்கு. ஆனால் சொத்து வரி போக மீதி வாடகையில் 30 சதவீதம் வரிக் கழிவு, பில் எதுவும் காட்டாமலே கிடைக்கும். விற்கத்தான் போறீங்கன்னா, வாடகைக்கு விட்டு அந்த 24 மாதத்தையாவது தாண்டுங்க.