எங்கள் தெரு காந்தி தெரு, ஆனால் அந்தக் காந்தி தெரு இல்லை

பெரியம்மா இறந்த அன்று காலையில் ஐஸ் பெட்டிக்குச் சொல்லியிருந்தோம். அரை மணி நேரத்தில் வந்துவிடும் என்றார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று, வரவில்லை. போன் செய்தால் டிரைவர், "சார், வீட்டு வாசல்லதான் நிக்கிறோம். இங்க பந்தல் இல்ல, ஆள் இல்ல, பெரியவர் ஒருத்தர் உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருக்கார்" என்கிறார்.

தெரு காந்தி தெரு. கதவு எண் 14. இரண்டும் சரி. ஆனால் அது எங்கள் காந்தி தெரு இல்லை, ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் இருக்கிற காந்தி தெரு. பெட்டியை வேனிலிருந்து இறக்கி வாசல்படியில் வைத்த பிறகுதான் அந்தப் பெரியவர் பேப்பரைத் தாழ்த்தி, பெட்டியைப் பார்த்து, "இன்னும் கொஞ்ச நாள் இருக்குப்பா" என்றாராம். டிரைவர் இதைச் சொன்னபோது துக்க வீட்டில் நான் சிரித்துவிட்டேன். அத்தை முறைத்தார்.

நாங்கள் இருப்பது சென்னையின் தென்புறநகர். ஒரு காலத்தில் எங்கள் பக்கம் ஒரு பேரூராட்சி, அந்தப் பெரியவர் பக்கம் ஒரு நகராட்சி. இரண்டுக்கும் தனித்தனியாக ஒரு காந்தி தெரு, ஒரு நேரு தெரு, ஒரு பாரதியார் தெரு, ஒரு பிள்ளையார் கோயில் தெரு. இரண்டும் வேறு வேறு ஊராக இருந்தவரை குழப்பமே இல்லை. அப்புறம் ஊர்களைச் சேர்த்தார்கள். 2011-ல் சென்னை மாநகராட்சி சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகளை எடுத்துக்கொண்டு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-க்கு விரிந்தது. 2021-ல் 5 நகராட்சி, 5 பேரூராட்சியைச் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. வார்டுக்குப் புது எண் கொடுத்தார்கள், மண்டலம் பிரித்தார்கள், வரி ரசீதின் தலைப்பை மாற்றினார்கள். எத்தனை காந்தி தெரு ஒரே குடைக்குள் வந்து நிற்கிறது என்று உட்கார்ந்து எண்ணியவர்கள் யாரும் என் கண்ணில் படவில்லை.

இனி மாற்றலாமே என்றால், அது லேசில் முடிகிற காரியமில்லை. பத்திரம், பட்டா, ஆதார், ரேஷன் கார்டு, இ.பி. கார்டு, பேங்க் பாஸ்புக், பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ் என்று ஒரு வீட்டில் தெருப்பெயர் உட்கார்ந்திருக்கும் காகிதங்களை எடுத்து வைத்தால் ஒரு டிரங்குப் பெட்டி நிறையும். தெருப்பெயரை மாற்றுவது ஒரு தீர்மானம், ஓர் ஒப்புதல், ஒரு போர்டு. அதற்குப் பிறகு அலைகிற அலைச்சல் எல்லாம் அந்தத் தெருக்காரர்களுடையது. அதனால்தான் சொல்கிறேன், பெயர் வைக்கிற அன்றைக்கே யோசித்து வைக்க வேண்டும்.

ஆனால் பெயர் வைக்கிற அன்றைக்கு யார் இருக்கிறார்கள்? புறநகரில் பெரும்பாலும் ப்ரொமோட்டர் இருக்கிறார், அவ்வளவுதான்.

ஏரிக்கரை ஓரமாகவோ, பயிர் வைக்காமல் விட்ட வயலிலோ லேஅவுட் போடுகிறார்கள். அங்கீகாரம் வாங்கும்போது உள்சாலைகளையும் பூங்கா இடத்தையும் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்ததும் அது பொதுச்சாலை. சாலையோடு சேர்ந்து பெயரும் அப்படியே வந்து சேர்கிறது. ப்ளூ பிரிண்டிலும் நோட்டீஸிலும் ப்ரொமோட்டர் என்ன எழுதினாரோ அதுதான் பத்திரத்துக்குப் போகிறது, பத்திரத்திலிருந்து வரி ரசீதுக்குப் போகிறது. பத்து வருடம் கழித்து மாநகராட்சியே அதே பெயரில் பலகையும் நட்டுவிடுகிறது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் லேஅவுட்டில் மூன்று தெருவுக்கும் ப்ரொமோட்டரின் மூன்று பெண்களின் பெயர். மூத்த பெண்ணுக்கு முப்பதடி ரோடு, கடைசிப் பெண்ணுக்கு முட்டுச்சந்து. வீட்டில் என்ன பேச்சு நடந்ததோ! அதற்கும் பின்னால் ஒரு 'லேக் வியூ அவென்யூ' இருக்கிறது. லேக்கை மூடித்தான் அந்த அவென்யூவே வந்தது.

இது அங்கீகாரம் வாங்கியவற்றின் கதை. வாங்காமல் போட்ட மனைகள் எத்தனையோ. 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்டவற்றை வரன்முறைப்படுத்த 2017-ல் விதி கொண்டுவந்தார்கள். அந்த மனைகளில் சாலை என்பதே நான்கு கல் நட்டுக் காட்டிய இடம்தான். பெயர் பல இடங்களில் இல்லவே இல்லை. '1வது குறுக்குத் தெரு' என்று யாராவது சுவரில் பெயின்ட்டில் எழுதுவார்கள், அது நிலைத்துவிடும். முதல் குறுக்குத் தெரு எந்த மெயின் ரோட்டுக்குக் குறுக்கே என்று கேட்டால் பதில் இருக்காது.

இன்னொரு ரகம், 'இது தனியார் சாலை, பொதுவழி அல்ல' என்று போர்டு மாட்டிய தெருக்கள். சாலையை ஒப்படைக்காமல் வைத்திருந்தால் அது தனியார் தெரு. விளக்கு, தார், வடிகால், குப்பை எல்லாம் அங்கே இருப்பவர்கள் பொறுப்பு. சட்டப்படி அதில் தப்பில்லை. ஆனால் நான் பார்த்த ஒரு தெரு, மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கினால் பொதுச்சாலை ஆகிவிடும், மனு எழுதுவார்கள். தண்ணீர் வடிந்து பக்கத்து நகர்ப் பையன்கள் சைக்கிளில் குறுக்கே போக ஆரம்பித்தால் தனியார் சாலை ஆகிவிடும், கேட்டைப் பூட்டுவார்கள்.

சரி, பெரிய சாலைகளுக்கு வருவோம். அங்கே நிலைமை தலைகீழ். பெயர் வைக்க அத்தனை பேரும் இருப்பார்கள், அந்தப் பெயரில் கூப்பிடத்தான் ஆள் இருக்காது. மவுண்ட் ரோடு அண்ணா சாலை ஆகி அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. ஆட்டோக்காரரிடம் இன்றைக்கும் மவுண்ட் ரோடு என்றாலும் போவார், அண்ணா சாலை என்றாலும் போவார், ஆனால் "மவுண்ட் ரோட்ல எங்க, எல்.ஐ.சி.யா, ஸ்பென்சரா?" என்றுதான் திருப்பிக் கேட்பார். லாயிட்ஸ் ரோடு அவ்வை சண்முகம் சாலை ஆயிற்று, எட்வர்ட் எலியட்ஸ் ரோடு ராதாகிருஷ்ணன் சாலை ஆகி, அது சுருங்கி ஆர்.கே. சாலை ஆயிற்று. சேமியர்ஸ் ரோட்டுக்குப் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் சாலை என்று பெயர், கடைக்காரர்கள் பில்லில் இன்னும் சேமியர்ஸ்தான். பூந்தமல்லி நெடுஞ்சாலை எம்.ஜி.ஆர் காலத்தில் ஈ.வெ.ரா. பெரியார் சாலை ஆனது. 2021 ஏப்ரலில் ஒருநாள் திடீரென்று அங்கே 'கிராண்ட் வெஸ்டர்ன் டிரங்க் ரோடு' என்று பலகை முளைத்தது, எதிர்ப்பு கிளம்பியது. அரசாங்கத்தின் ஒரு துறைக் கோப்பில் ஒரு பெயர், இன்னொரு துறைக் கோப்பில் வேறு பெயர் என்றால் வெளியூரிலிருந்து வருகிறவன் எதைப் பார்த்து வருவான்?

விவேக்கின் பெயரை அவர் வாழ்ந்த விருகம்பாக்கத்துத் தெருவுக்கும், எஸ்.பி.பி.யின் பெயரை அவர் வாழ்ந்த நுங்கம்பாக்கம் காம்தார் நகர்ச் சாலைக்கும் வைத்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. அந்தத் தெருவில் நடந்த மனிதர் பெயர் அந்தத் தெருவுக்கு. பேர் சொன்னால் அக்கம்பக்கத்தில் ஒருவராவது, "இதோ இந்த வீடுதான்" என்று கை காட்டுவார்.

சாதிப் பெயர் விஷயத்தைத் தொடாமல் இந்தப் பதிவை முடிக்க முடியாது. தெருப்பெயரில் சாதி வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. இன்னார் தெரு என்ற பலகை வழி சொல்வதற்காக வைத்ததில்லை, யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வதற்காக வைத்தது. 'காலனி' என்ற சொல்லையே அரசு ஆவணங்களிலிருந்து எடுப்போம் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தபோது, பள்ளியில் என்னோடு படித்த ஒருவன் ஞாபகத்துக்கு வந்தான். முகவரி கேட்கும்போதெல்லாம் பக்கத்துத் தெருப் பெயரைச் சொல்லுவான். ஏன் என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் எடுக்கிற விதம் என்று ஒன்று இருக்கிறது. 1970-களின் கடைசியில் எம்.ஜி.ஆர் ஆட்சியில் சென்னைத் தெருப்பெயர்களிலிருந்து சாதிப் பின்னொட்டை வெட்டினார்கள். ஜி.என். செட்டி ரோடு ஜி.என். சாலை ஆனது. நீதிக்கட்சியின் டி.எம். நாயர் பெயரில் இருந்த டாக்டர் நாயர் ரோடு வெறும் 'டாக்டர் ரோடு' ஆகி, எந்த டாக்டர் என்று கேட்கும்படி நின்றதைத் தி. நகர்க்காரர்கள் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். இன்றைக்கு ஊர் வாயில் இரண்டும் பழையபடி செட்டி ரோடும் நாயர் ரோடும்தான். பெயிண்ட் டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் அவ்வளவுதான் நடக்கும். 2025 அக்டோபரில் மறுபடி ஓர் அரசாணை வந்தது, அதே மாதம் கோவை அவிநாசி சாலையில் 10 கிலோமீட்டர் மேம்பாலம் ஜி.டி. நாயுடு பெயரில் திறந்தது, அடுத்த சண்டை ஆரம்பமானது. என்னைக் கேட்டால் இரண்டும் ஒன்றில்லை. ஒரு சமூகத்தின் பெயரைத் தெருவுக்கு வைப்பது வேலி போடுவது. ஒரு தனி மனிதர் எந்தப் பெயரில் அறியப்பட்டாரோ அந்தப் பெயரை வைப்பது வேறு. 'ஜி.டி. மேம்பாலம்' என்று வைத்தால் யாருக்கு என்ன புரியும்? ஒத்துக்கொள்ளாதவர்கள் கமென்ட்டில் திட்டலாம்.

பெயர் எப்படி வேண்டுமானாலும் திரியும் என்பதற்கு மயிலாப்பூர்ப் பக்கம் பக்கிங்காம் கால்வாய்ப் பாலம் ஒன்றே போதும். ஹாமில்டன் என்ற வெள்ளைக்காரர் பெயர் நம் வாயில் நுழையாமல் 'அம்பட்டன்' ஆகி, அம்பட்டன் வாராவதியை மறுபடி இங்கிலீஷாக்கி 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' ஆக்கினார்கள். இப்போது அது அம்பேத்கர் பாலம். மூன்று பெயர் மாற்றத்தில் கடைசி ஒன்றுதான் தெரிந்தே செய்தது.

எனக்குப் பிடித்த தெருப்பெயர்கள் மதுரையில்தான். கோயிலுக்குள்ளே ஆடி வீதி, மதிலைச் சுற்றிச் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அடுத்து மாசி வீதி, எல்லாவற்றுக்கும் வெளியே வெளி வீதி. முன்னால் கீழ, மேல, வடக்கு, தெற்கு. பஸ்ஸிலிருந்து இறங்கிய ஆளிடம் "மேல மாசி வீதி" என்று சொன்னால் போதும். கோயிலிலிருந்து எவ்வளவு தூரம், எந்தத் திசை என்று அந்த இரண்டு சொல்லிலேயே வரைபடம் இருக்கிறது. (சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதியில் என்பதைக் கேட்டுக் குழம்பாதவர்கள் குறைவு, அது வேறு கதை.) 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரித்தபோது, அந்த வேலையைப் பார்த்த சர்வேயர் மாரட்டின் பெயரும் மேஸ்திரி பெருமாளின் பெயரும் புதுத் தெருக்களுக்கு வந்தன. மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி. சர்வேயருக்குச் சமமாக ஒரு மேஸ்திரியின் பெயர் இன்றுவரை ஊர் நடுவில் நிற்கிறது. நம் பக்கத்தில் தினம் சாக்கடைக் குழிக்குள் இறங்குகிறவர்கள் பெயரில் எத்தனை தெரு இருக்கிறது?

போன வருடம் எங்கள் வார்டுப் பகுதி சபைக் கூட்டத்தில் எழுந்து காந்தி தெரு விஷயத்தைச் சொன்னேன். இரண்டில் ஒன்றுக்குப் பழைய பெயரைக் கொடுங்கள், எங்கள் தெருவுக்கு என் தாத்தா காலத்தில் 'தாங்கல் தெரு' என்று பெயர், அந்தத் தாங்கலும் (சின்ன ஏரி) இப்போது இல்லை, பெயராவது இருக்கட்டும் என்றேன். கவுன்சிலர் நல்லவர், பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "சார், நீங்க சொல்றது நியாயம்தான். ஆனா காந்தி பேரை எடுங்கன்னு நான் மன்றத்துல எழுந்து சொன்னா மறுநாள் டி.வி.ல நான்தான்" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "எடுக்க வேணாம், தாங்கல் காந்தி தெருன்னு சேர்த்துடுங்க" என்றார். அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நோட்டில் இருக்கிறது.

பெரியம்மா போன அன்று சாயங்காலம் அந்தப் பெரியவர் மாலையோடு வீட்டுக்கு வந்தார். "எனக்கு வந்த பெட்டி யாருக்குன்னு பார்க்க வந்தேன் தம்பி" என்றார். அன்றிலிருந்து பழக்கம். கொரியர்காரர்கள் வாரம் ஒரு தடவையாவது மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். நேற்றுக்கூட போன் செய்தார். "உங்க வீட்டுக் குக்கர் மூடி இங்க வந்திருக்கு. என் கண்ணு சொட்டு மருந்து அங்க இருக்கா பாருங்க" என்றார்.

இருந்தது.